ஏலக்காய்க் கோடு

ஏலக்காய் டப்பாவை யார் திறந்தாலும் எனக்குப் பாயாசம் நினைவுக்கு வராது. தூக்கம்தான் வரும். போடியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியும், காதுக்குப் பக்கத்தில் காய் உருளும் சத்தமும், சுகமான பகல் தூக்கமும் ஒன்றாக வந்து நிற்கும். சிரிக்க வேண்டாம். அந்தத் தூக்கத்துக்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

எழுபதுகளின் பாதியில், மகள் பிறந்த மறுவருஷம் எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அது கூட்டி வந்த அசதி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வேலை செய்து வரும் அசதி தூங்கி எழுந்தால் தீரும். இது தூங்கி எழுந்த பிறகுதான் ஆரம்பிக்கும். தலை சீவ உட்கார்ந்தால் பாதியில் கை தானாக மடியில் விழும். இன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று நான்கு துணியை அலசிப் போட்டால், அதற்கு அபராதமாக மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கை. டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். குடித்ததில் வாயெல்லாம் துருவாடை அடித்ததுதான் மிச்சம். பார்க்க நான் நன்றாகத்தான் இருப்பேன், வினையே அங்கேதான். கால் ஒடிந்து கிடந்தால் ஊர் நம்பும். கன்னம் உப்பலாக, தலையில் பூவோடு படுத்துக் கிடப்பவளை யார் நம்புவார்கள்?

என் வீட்டுக்காரர் முக்கால்வாசி நாள் போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் இருப்பார். கீழே வீட்டை நடத்தியது அவருடைய அக்கா. கணவர் இறந்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். சோறு தின்னும் நேரம் தவிர அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு என்னைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டுதான் வரும். யாராவது வந்து நான் எங்கே என்று கேட்டால், "அவுகளுக்கு இன்னும் விடியலத்தா" என்பார். எனக்குக் கேட்கும்படித்தான் சொல்வார். நானும் சும்மா இருப்பவளா? விடிந்ததும் நானே வந்து கோழியை எழுப்புகிறேன் என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன்.

மகளுக்குப் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். யாராவது தூக்கினால் விறைத்துக்கொள்வாள். ஜீப்பு ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். மாவாட்டும் சத்தம் மட்டும் பிடிக்கும். ஆட்டுரலுக்குப் பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பாள். அவளுக்கு இருந்ததற்கும் எனக்கு இருந்ததற்கும் இப்போது டாக்டர்கள் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். அன்றைக்குத் தெரு வைத்த பேர்தான் எங்களுக்கு: அம்மா சோம்பேறி, மகள் கிறுக்கு.

மலையில் உலர்த்திய காய் ஜீப்பில் மூட்டை மூட்டையாக இறங்கும். வியாபாரிகள் விலை கேட்கும் ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் கூடத்தில் கொட்டிப் பிரிக்க வேண்டும். திரண்ட பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்ததும் வெடித்ததும் இன்னொரு பக்கம். அந்த வீட்டில் என்னால் படுத்துக்கொண்டே செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான். ஒருக்களித்துப் படுத்து, குவியலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிரித்துக்கொண்டே இருப்பேன். பண்டத்துக்கு முன்னால் இப்படியா கிடப்பது என்று மதினி வைவார். காலையா நீட்டுகிறேன், தலையைத்தானே வைத்திருக்கிறேன் என்பேன்.

ஒரு மத்தியானம் பிரித்தபடியே கண்ணசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் என்னைச் சுற்றித் தலையிலிருந்து கால்வரை பச்சைக்காய் வரிசையாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தது. மகள் கால்மாட்டில் உட்கார்ந்து கடைசிக் காய்களை விரலால் அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் பொறுக்கியெடுத்த நல்ல காய். நான் கையை அசைத்ததில் ஒரு காய் நகர்ந்தது. வீடே இடியும்படி கத்தினாள். காயைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன், கத்தல் நின்றது.

அன்றைக்குத்தான் என் புத்தி வேலை செய்தது. கோடு இருக்கும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் தெருவே கூடிவிடும். ஆகா, இதைவிட எனக்கு என்ன வேண்டும்! ஆரம்பத்தில் இரண்டொரு தரம் என்னை எழுப்பிப் பார்த்த மதினியே, அவள் கத்திய கத்தலில், "ஏத்தா, நீ அப்படியே கெட" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் காய் வரும் பருவமெல்லாம் மத்தியானம் தவறாமல் கோடு விழும்.

அந்த மத்தியானங்கள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மெட்டுப் பக்கத்திலிருந்து காற்று சாரலைக் கொண்டுவந்து முற்றத்தில் தெளிக்கும். கூடமெல்லாம் காய் வாசம். என் முகத்தை ஒருநாளும் நேராகப் பார்க்காத பிள்ளை, என் கால்விரல் ஒவ்வொன்றின் வளைவையும் பார்த்துப் பார்த்துக் காய் வைப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அவள் வெளியே ஓடியதும் கிடையாது, அழுததும் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கேயும் இருந்ததில்லை.

மதினிக்குத்தான் அதைக் கண்டால் பயம். பிணத்தைச் சுற்றிப் பண்டம் போடுகிற மாதிரி இருக்கிறது, சுமங்கலிக்கு ஆகாது என்று புலம்புவார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அதுவும் வெலை போற காயாப் பாத்துல்ல எடுக்குது!" என்று முடிப்பார்.

மகளுக்கு ஆறு வயது நடந்தபோது உறவுக்காரர் ஒருத்தர் வந்திருந்தார். அவர் முன்னாலும் மதினி விடியாத கதையைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து போய்க் கிணற்றில் நீர் இறைத்து, வீட்டிலிருந்த கம்பளியெல்லாம் அள்ளிப் போட்டுத் துவைத்தேன். அந்த நேரத்தில்தான் மகள் வாசல் தாண்டிப் போயிருக்கிறாள். தெருத்தெருவாகத் தேடினோம். சாயங்காலம் மெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்றில் தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மலை ஏறும் ரோட்டில் நட்டநடுவே போய்க்கொண்டிருந்தாளாம்.

நான் படுத்திருந்த நாளிலெல்லாம் கூடத்தை விட்டு நகராத பிள்ளை, நான் எழுந்து வேலை பார்த்த அன்றைக்குத்தான் போனாள். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மதுரையில் இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் விடுதி ஒன்று இருப்பதாக அந்த உறவுக்காரர் சொன்னார். மதினி பிடித்துக்கொண்டார். மலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "ஒன்னயவே ஒன்னால பாக்க முடியல. அவள எப்படிப் பாப்ப?" என்றார். நான் மூச்சு அடைக்கும்வரை கத்தித் தீர்த்தேன். அவளை அனுப்பினால் நானும் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். கம்பளி துவைத்ததும் கத்தியதும் சேர்ந்து அதற்கப்புறம் என்னைப் படுக்கையிலிருந்து எழவிடவில்லை. பார்த்தாயா, இதுதான் நீ பிள்ளை பார்க்கும் லட்சணம் என்று அவர்கள் சொன்னதற்கு நானே சாட்சியாகக் கிடந்தேன்.

கிளம்பும் நாள் காலையில் ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், ஹாரன் அடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஏலத்துக்குப் போகவேண்டிய மூட்டைகள் வாய் தைத்துக் கூடத்துச் சுவரோரம் இருந்தன. நான் சுவரில் சாய்ந்து கிடந்தேன். மகளுடைய துணிமணியை அடுக்கிய தகரப் பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோக மதினி குனிந்து தூக்கினார். அம்மாடி என்று ஒரு சத்தம். இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அசைய முடியாமல் கூடத்து நடுவில் மல்லாக்கக் கிடந்தார். பகலில் அவர் படுத்து அந்த வீடு பார்த்ததில்லை.

மகள் ஆட்டுரல் பக்கமிருந்து எழுந்து வந்தாள். மதினியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பிரித்து மீந்த காய் ஒரு சுளகில் இருந்தது. அதிலிருந்து நல்ல காயாகப் பொறுக்கி, மதினியின் தலைமாட்டில் முதல் காயை வைத்தாள்.

பிணம், பண்டம் என்று பயந்த மனுஷி; இப்போது என்ன பேச்சு வரப்போகிறதோ. நான் தரையில் நகர்ந்து போய் மகளின் கையைப் பிடிக்கப் பார்த்தேன்.

"விடுத்தா" என்றார் மதினி. குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

காய் தோளைச் சுற்றி வந்தது, முழங்கையைச் சுற்றி வந்தது. மதினி கூரையைப் பார்த்தபடி, காய் நகராமல் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அதுவரை அந்தப் பிள்ளை என்னைத் தவிர யாருக்கும் கோடு போட்டதில்லை.

ஜீப்பு நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அக்கா கிடப்பதைக் கண்டு பதறி ஓடிவந்தார்.

"அப்பு, கோட்ட மிதிச்சிராத. சுத்தி வா" என்றார் மதினி.

அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கோடு முழங்கால்வரை வந்திருந்தது. சுளகில் நல்ல காய் தீர்ந்துவிட்டது. மகள் சுளகைக் கிளறினாள். உதட்டைப் பிதுக்கினாள். கத்தப்போகிறாள் என்று தெரிந்து, வெடித்த காய் இருந்த கூடையை நான் அவசரமாக அவள் பக்கம் தள்ளினேன்.

"கழிவக் குடுக்காதத்தா" என்றார் மதினி. பிறகு தம்பியைப் பார்த்தார். "அந்த மூட்டையப் பிரி. நல்ல காயா அள்ளி வையி."

வாய் தைத்த மூட்டையை ஏலத்துக்கு முன்னால் பிரிப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அவர் தயங்கினார். ஜீப்புக்காரன் காத்திருக்கிறான், மதுரைக்கு நேரமாகிறது என்று இழுத்தார்.

"அவனப் போகச் சொல்லு" என்றார் மதினி. "எனக்கு இன்னும் காலு பாக்கி இருக்கு."