கோடாலி வைத்த சுவர்

பெரிய ஓவியருக்குக் கைத்துணையாகப் படம் வரையப் போனவர்களுக்குத் தெரியும்: தோள்வலி நமக்கு, கையெழுத்து அவருக்கு. நீங்களும் சாரத்தில் நின்றவர் என்றால், என்னோடு சேர்ந்து கொஞ்சம் வயிறெரியுங்கள்.

கட்டம் போட்டது

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் ஒரு நீளச் சுவரில் 'காட்டைக் காப்போம்' என்று படம் போடக் கூப்பிட்டார்கள். சென்னை ஓவியர் உள்ளங்கையளவு தாளில் கிறுக்கிக் கொடுத்தார். பத்திரிகைகளுக்குக் கதைப்படம் போட்டுக்கொண்டிருந்த நானும் மணியும் கட்டம் போட்டு அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கினோம். மரம், மான், ஓடை எல்லாம் எங்கள் கை. பார்க்க வந்த அதிகாரி, நாங்கள் யார் என்று கேட்டார். ஓவியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கலர் அடிக்கிற பசங்க சார்."

மாடல் நின்றது

நடுவில் ஒருவர் செடி நடுவதாகப் படம். எங்களுக்கு ஆளைப் பார்த்தால்தான் முகம் வரும். பக்கத்தில் சாமை பயிரிடும் சின்னாண்டியைக் கேட்டோம். நிலத்து வேலையைப் போட்டுவிட்டு, புளியங்கன்றைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். முகம் அச்சு அசலாக வந்தது. அவருக்குத்தான் ஒரு குறை. "மீசைய இன்னும் கொஞ்சம் முறுக்கி வுடுங்க சார், இல்லன்னா எம் பொண்டாட்டி நம்ப மாட்டா."

திருத்தம்

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஓவியர் கன்றை அழித்துவிட்டு, சின்னாண்டி கையில் கோடாலியை வைத்தார். காலடியில் வெட்டுண்ட சந்தன மரம். சந்தனம் கடத்துவதாகச் சொல்லி வனத்துறையினர் மலைக்காரர்களை இழுத்துக்கொண்டு போய் அடித்த காலம் அது. முகத்தையாவது மாற்றுகிறோம் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். "செடி நட்டா எவன்யா நின்னு பார்ப்பான்? படத்துக்கு ஒரு வில்லன் வேணும்."

திறப்பு விழா

மாலை, கைதட்டல் எல்லாம் ஓவியருக்கு. கூட்டத்தில் நின்ற வனத்துறை கார்டு ஒருவர் படத்தைப் பார்த்தார், பிறகு சின்னாண்டியைப் பார்த்தார். சில நாள் கழித்து எங்கோ ஒரு சந்தன மரம் காணாமல் போனதும் முதலில் சின்னாண்டி வீட்டைத்தான் புரட்டினார்கள். நான் வெட்டலை என்றவருக்குக் கார்டின் பதில்: "செவுத்துலயே கோடாலியோட நிக்கிற, அப்புறம் இன்னாடா பேச்சு?"

மறுபடியும் செடி

கேள்விப்பட்டதும் நானும் மணியும் ஆலங்காயத்தில் பஸ் பிடித்து மலையேறினோம். யாரிடமும் கேட்காமல் கோடாலியையும் வெட்டுமரத்தையும் அழித்து, பழையபடி கன்றை வரைந்தோம். ஓவியர் அதன்பின் எங்களைக் கூப்பிடவே இல்லை, போகட்டும். அடுத்த முறை போனபோது சின்னாண்டி வீட்டுக் கதவு பெயர்ந்து கிடந்தது. எங்களை அவர் உட்காரச் சொல்லவில்லை. "செடிய வரைஞ்சிட்டுப் போய்ட்டீங்க. இப்ப கோடாலிய எங்கடா ஒளிச்சி வச்சன்னு கேக்கறாங்க சார்."

காட்டைக் காப்பாற்றப் போட்ட அந்தப் படத்தால் மாட்டிக்கொண்டது, எனக்குத் தெரிந்து, அதற்கு மாடலாக நின்ற மனுஷர் ஒருவர்தான்.