நான் வாசித்துக் காட்டிய வீட்டு உறுதி

‘அவெயார்’ என்ற ஆங்கிலச் சொல்லை என் ரியூசன் வகுப்பில் பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். காதில் விழுந்தால் போதாது, விஷயம் மனதில் பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் ஒருவர் ‘அவெயார்’ என்று விளக்குவேன். நேற்று ஒரு மாணவி, "சேர், அத வெச்சி ஒரு வசனம் சொல்லுங்க" என்றாள். எனக்கு ஒரே ஒரு வசனம்தான் ஞாபகம் வந்தது. அதைப் பலகையில் எழுத மனமில்லாமல் வகுப்பை நேரத்தோடு முடித்துவிட்டேன்.

அந்த வசனம் எங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. கல்முனைப் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவள் பெயருக்குப் போகும். ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மூன்று வருடத்துக்கு முன், தங்கச்சியின் நிக்காஹ்வுக்கு முதல் வாரம், உம்மா வீட்டை எழுதிக் கொடுத்தார். உறுதி ஆங்கிலத்தில் இருந்தது. "சேர், நீங்களே உம்மாக்கு வாசிச்சிக் காட்டுங்க" என்றார் உறுதி எழுதிய நொத்தாரிசு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நடுப்பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ‘ஃபுல்லி அவெயார்’ என்று வந்த இடத்தில் நின்று விளக்கம் கொடுத்தேன்.

"எல்லாம் நல்லா வெளங்கித்தான் குடுக்கிறன் எண்டு எழுதியிரிக்கி உம்மா."

"ஓம் மகன். வெளங்காமலா குடுக்கிறன்?" என்று கையெழுத்து வைத்தார்.

தாய் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று இப்படியான உறுதிகளில் ஒரு வரி போடுவார்கள். அது இருக்கும் என்று உம்மா நினைத்தார். நானும் நினைத்தேன். இருக்கவில்லை.

போன மாதம் தங்கச்சியின் கணவர் வீட்டை விற்றுவிட்டுக் கொழும்புக்குக் குடிபோகத் தீர்மானித்தார். தங்கச்சி அழுதாள், தடுக்கவில்லை. நொத்தாரிசிடம் ஓடினேன். அவர் ‘ஃபுல்லி அவெயார்’ வசனத்தில் விரலை வைத்து, "நீங்கதானே சேர் வாசிச்சிக் காட்டின" என்றார். அவரோடு என்ன சண்டை பிடிப்பது? என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

உம்மா இப்போது என் மனைவியின் வீட்டில் இருக்கிறார். முன்பெல்லாம் வந்தால் ஒரு தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார். மருமகள் வீட்டில் தங்குவது எங்கள் ஊரில் ஒரு தாய்க்குக் குறைச்சல். மனைவி நன்றாகத்தான் பார்க்கிறாள். இருந்தும் உம்மா கதிரையின் நுனியில்தான் உட்காருகிறார்.

இன்று பின்னேரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "நான் சரியாப் பாக்காம உட்டுட்டன் உம்மா. மன்னிச்சிருங்க."

"நீ வாசிச்ச எண்டுதானே மகன் நான் கையெழுத்து வெச்ச" என்றார். குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அசர் பாங்கு கேட்டது. உம்மா தொழுகை விரிப்பை எடுத்துக்கொண்டு எழும்பி, வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்கும் கேட்பதையே கேட்டார்.

"மருமகள்ட்டக் கேட்டுச் சொல்லு மகன், நான் எங்க நிண்டு தொழுற?"