சுருபத்துக்குக் கட்டிய துணி

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள் அன்னமேரி. வயது ஐம்பத்திரண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் குளிப்பாட்டி உடுத்திவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஆடி மழையில் மேல் டிவிஷன் லயத்தின் வரிசை வீடுகள் மண்ணோடு சரிந்தபோது, ஆற்றோரம் ஒதுங்கிய உடம்புகளில் பொட்டுத் துணி இல்லை. வெள்ளம் உருவிவிட்டிருந்தது. செல்போனில் படம் பிடித்தவர்களை விரட்டிவிட்டு, தன் பெட்டியில் இருந்த ஏழு சேலைகளையும் கொண்டுவந்து அவர்களைப் போர்த்தினாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, மாதா கோயிலில் புதிய பாடுபட்ட சுருபத்தின் திரையை விலக்கினார்கள். தேக்கில் செதுக்கியது, ஆளுயரம். சிலுவையில் தொங்கிய ஆண்டவர் இடுப்பில் துணியே இல்லை. ரோமாபுரிச் சேவகர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள், நாம்தான் கூச்சப்பட்டு ஒரு துணியைச் சேர்த்துக்கொண்டோம் என்று பிரசங்கத்தில் சொன்னார் பங்குச் சாமியார் செபாஸ்டின். குனிந்த தலை நிமிராமல் இருந்த அன்னமேரி, அன்றைக்கு நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போகவில்லை.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை கொழுந்தில் இருந்தாலும் கண் எங்கேயோ இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை சத்தம் போட்டான். புதன்கிழமை வேலை முடிந்ததும் கூடையை இறக்கிவிட்டு நேரே சாமியாரிடம் போனாள்.

ஆபாசம் என்று ஏற்கெனவே நாலைந்து பேர் வந்து சொன்னார்கள், நீயும் அதற்குத்தான் வந்தாயா என்று கேட்டார் அவர்.

"ஆபாசம் இல்ல சாமி. நான் பாக்காத உடம்பா? அவரை அவுத்துப்போட்டது சேவகன். அவன் விட்ட எடத்துலயே நாமளும் ஏன் விட்டுட்டு நிக்கிறோம்? மாதா அங்கனதான நின்னாங்க. விட்டிருந்தா ஓடிப்போயி மூடியிருப்பாங்கல்ல?"

துணி கட்டினால் அது பொய்யாகிவிடும் என்றார் சாமியார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை. பங்குப் பேரவையில் பேசலாம் என்று அனுப்பிவைத்தார்.

அன்னமேரி பேரவைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, ஒரு வெள்ளைத் துண்டைச் சுருபத்தின் இடுப்பில் கட்டினாள். சாமியார் அவிழ்த்தார். அவள் மறுபடி கட்டினாள். பிள்ளைகள் வருகிற இடமாயிற்றே என்று பாதிப் பேர் அவள் பக்கம் சேர்ந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் முறை கட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் பக்கத்து லயத்து மூக்கம்மாள் வந்தாள். மண்சரிவில் மகள் பிரதீபாவைப் பறிகொடுத்தவள். முருகனைக் கும்பிடுகிறவள், என்றாலும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அவ்வப்போது வருவாள்.

"அன்னம், எம்மகளப் பொதிஞ்சுதான குடுத்த. பாக்காதக்கான்னு சொன்ன. நானும் பாக்கல," என்றாள். "நேத்து ஒங்க சாமியத் துணியில்லாமப் பாத்தேன். எம்புள்ளயும் இப்பிடித்தான கெடந்திருப்பா. அவ மட்டும் தனியா இல்லன்னு இருந்துச்சு. அதப் போயி ஏன் மூடுத?"

மூக்கம்மாள் போனபிறகு அன்னமேரி வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அன்றைக்குத் தாயைப் பார்க்கவிடாமல் செய்தது தப்போ என்று முதல்முறையாக நினைத்தாள்.

மறுநாள் சாமியாரிடம் போய், பெரிய வெள்ளியன்று மட்டும் துணி வேண்டாம், மற்ற நாள் கட்டாயம் வேண்டும் என்றாள். அவர் சம்மதித்தார். பேரவையும் தலையாட்டியது.

பெரிய வெள்ளியன்று மூக்கம்மாள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அன்னமேரியே ஏறித் துண்டை அவிழ்த்தாள். ஜனம் வரிசையாக வந்து பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்தது. மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதாள். அன்னமேரியால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. துண்டு அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் நகர்ந்த உடனே ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே," என்றார் சாமியார்.

"போதும் சாமி. ரொம்ப நேரமாச்சு."

இரண்டு வருஷமாக இந்த ஏற்பாடுதான் நடக்கிறது. இது சரிதானா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.