பத்துக்கு மூன்று

சுரக்குடிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பங்கஜவல்லி. மழை பெய்வது, நெல் முளைப்பது, மனிதன் யோசிப்பது எல்லாமே கணக்குதான் என்று வகுப்பில் அடித்துச் சொல்வார். மூளையும் கணக்குப் போடுகிற மெஷின்தான் என்பார். யாராவது சிரித்தால் கோபம் வரும். சாக்பீஸ் பறக்கும்.

எண்பத்தேழில், முப்பத்தொரு வயதில், அதே பள்ளியின் வரலாற்று ஆசிரியர் நீலமேகத்தைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார். இருவரும் பேசி எடுத்த முடிவு. வீட்டிலும் தலையாட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தை நம்பித் திருநள்ளாற்றில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடை முளைத்தது. நீலமேகத்தின் அம்மா இரண்டு ஜாதகத்தையும் அங்கே கொடுத்தார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், ஓரமெல்லாம் துளை போட்ட நீளத் தாளை ஆசிரியர் அறையில் விரித்தார் நீலமேகம். பத்துப் பொருத்தத்தில் மூன்று.

"நம்ம பள்ளிக்கூடத்துலகூட இதுக்குப் பாஸ் போட மாட்டோமே" என்றார் தமிழ் டீச்சர் ராஜம்.

பங்கஜவல்லி சிரிக்கவில்லை. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று நீலமேகத்தைக் கேட்டார்.

"நான் என்னங்க சொல்றது? ஜோசியர் போட்டா தப்புன்னு சொல்லலாம். இது மெஷின். உலகமே கணக்குன்னு நீங்கதான சொல்வீங்க, டீச்சர்."

"இப்பவும் சொல்றேன். ஆனா அதுல கிரகத்தைப் போட்டிருக்கு, நம்மள எங்க போட்டிருக்கு? ரெண்டு வருசமா பேசினது எங்க? நான் சொல்லி நீங்க மூக்குப்பொடி போடுறதை விட்டீங்களே, அது எங்க?"

"அதையும் சேத்துச் சொல்ற மெஷின் ஒருநாள் வரும்ல."

"வரட்டும். நம்ம ரெண்டு பேரையும் முழுசா உள்ள போட்டா, அதுவும் நம்மள மாதிரியே ஒவ்வொரு நாளா சண்டை போட்டு, சமாதானமாகித்தான் விடைக்கு வரணும். குறுக்கு வழி கிடையாதுங்க."

நீலமேகம் தாளை மடித்தார். "அம்மா பரிகாரம் கேட்டுட்டு வரேன்னாங்க. கொஞ்சம் பொறுங்க."

"பரிகாரம் யாருக்கு, அந்த மெஷினுக்கா? உங்க தலைக்குள்ள ஒண்ணு இருக்கே, அது என்ன சொல்லுது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அம்மா சம்மதிக்கணுமே."

பங்கஜவல்லி எழுந்துகொண்டார். "அப்ப இது வேணாம். நாந்தான் வேணாம்னேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. பழியை மெஷின் மேல போடாதீங்க."

அடுத்த தையில் நீலமேகத்துக்குப் போலகத்தில் பெண் எடுத்தார்கள். எட்டுப் பொருத்தமாம், ராஜம் வந்து சொன்னார். பங்கஜவல்லி பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றைக்குப் பத்தாம் வகுப்பில், வழியைப் போடாமல் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து விடையை மட்டும் எழுதியவர்களைக் கடைசி மணி வரை நிற்க வைத்தார். விடை சரியாகத்தான் இருந்தது.