தமிழ்ப் பிரிவுக்கு இங்கிலீஷ் வராது என்றவர் யார்?

எங்கள் தலைமையாசிரியர் பொய் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்ட காலத்தில் தமிழ்ப் பிரிவைக் காப்பாற்றியது தான்தான் என்றார். நான் முன்வரிசையில்தான் இருந்தேன். நடந்ததை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்மார் படிக்கட்டும்.

அப்போது எங்கள் ஊர் பாறசாலையில் ஒரு நாள் கடையடைப்பு, மறுநாள் போலீஸ் வண்டி. தமிழ்ப் பிரிவை மூடிப் பிள்ளைகளை மலையாள வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்க்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. முந்தின நாள் தலைமையாசிரியர் என்னிடம் வந்தார்.

"டீச்சரே, நாளைக்கு ஒரு பாட்டுப் பாட வச்சு ஒப்பேத்துங்க. இங்கிலீஷ் இதுவளுக்கு வராது."

"வருமாக்கும் சார். நீங்க என் வகுப்புக்குள்ள வந்து பாத்ததுண்டா?"

அவர் திரும்பிப் போய்விட்டார்.

அண்ட், பட் போன்ற இங்கிலீஷ் இணைப்புச் சொற்களை எல்லா டீச்சர்மாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். லெஸ்ட், ப்ரொவைடட் வந்தால் புத்தக வாக்கியத்தை உருப்போட வைப்பார்கள். பரீட்சையில் பிள்ளை எழுதும், வாயில் வராது. என் வகுப்பில் புத்தக உதாரணம் கூடாது. வீட்டில் கேட்ட பேச்சைக் கொண்டுவர வேண்டும். இப்படி ஆகிவிடக் கூடாதே என்று அம்மை எச்சரித்தால் அது லெஸ்ட். பனச்சமூடு சந்தையில் நிபந்தனை போட்டு விலை பேசினால் அது ப்ரொவைடட். முதலில் வீட்டுப் பேச்சு, பிறகுதான் இங்கிலீஷ்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "லெஸ்ட் வச்சு ஒரு வாக்கியம் பறயாமோ?" என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கேட்டார். தலைமையாசிரியர் ஜன்னல் வழியே தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பிலிருந்து கமலம் எழுந்தாள்.

"எங்க அம்மை சொன்னது சார். மெல்லப் பேசு மக்கா, போலீஸ் கேட்டிரப் போவுது." பிறகு இங்கிலீஷில்: "ஸ்பீக் ஸாஃப்ட்லி, லெஸ்ட் தி போலீஸ் ஹியர் யூ."

"அப்படி என்ன பேசினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தமிழ்தான் சார். வேற என்னத்த பேச?"

பின்பெஞ்சு சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ப்ரொவைடட் கேட்டார். இன்னொரு பிள்ளை, தாசன், சொன்னான்:

"நாங்க மலையாளமும் படிப்போம் சார், இந்த வகுப்ப விட்டு வச்சா. எங்க அப்பா சொன்னது." அதையும் இங்கிலீஷில் பிசகாமல் சொன்னான்.

"இது புஸ்தகத்தில் இல்லல்லோ டீச்சரே" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார். பிள்ளைக வீட்டுல உண்டு."

வகுப்பை மூடவில்லை. பிறகு ஊர் கேரளத்தோடு போயிற்று. வகுப்பு இன்றும் நடக்கிறது, நான்தான் எடுக்கிறேன். பிள்ளையின் வீட்டுப் பேச்சை வாசலில் நிறுத்திவிட்டு எந்த இலக்கணமும் உள்ளே வராது. நான் கற்றது இதுதான்.

தலைமையாசிரியர் அவர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். "இதுவளுக்கு வராது" என்றது யார்? கமலம் இப்போது பெருங்கடவிளையில் மலையாளப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டீச்சர். கூட்டத்துக்கு அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.