தேசிக்காய் நசியாத மலை

சப்பாத்துக்குள் ஹெயர் டிரையரின் மூக்கை நுழைத்துப் பிடித்தபடியே, கொட்டில் யன்னலால் தலையை நீட்டி, "பெண்ட் த நீஸ்!" என்று கத்துவார் அம்பலவாணன். வெளியே மலைச்சரிவில் தள்ளாடிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர் யாராயிருந்தாலும் சட்டென்று முழங்காலை மடக்கிவிடுவார். விழாமல் கீழேயும் வந்துவிடுவார். "கண்டியே, சொன்னாக் கேக்கவேணும்" என்று சப்பாத்திடம் சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். ஆள் மாறி ஆள் கால் நுழைத்து வியர்த்த வாடகைச் சப்பாத்துகள். அவற்றைக் காயவைத்து, பவுடர் போட்டு, ஆளுக்கு அளவு பார்த்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். கத்துவது தொழிலில் சேராது. அது அவராக ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

மலை என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது. குட்மேய்ஸ் ஊருக்கு அங்கால் கிடந்த பழைய குப்பைமேடு அது. எண்பத்துநான்காம் ஆண்டு கவுன்சில் அதை மண்ணால் மூடி, மேலே வெள்ளைப் பிளாஸ்ரிக் தும்புப் பாயை விரித்து, வழுக்குவதற்குத் தண்ணீரும் தெளித்துவிட்டு, பனிச்சறுக்கு மலை என்று போர்டு மாட்டியது. நாலு துளி பனி விழுந்தாலே ரயிலை நிற்பாட்டுகிற ஊரில் இது என்ன விளையாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்பலவாணனின் மனைவி சிவமலர் மட்டும் வந்து பார்த்துவிட்டு, "கூட்டுற தும்புத்தடியளைக் கவிட்டு அடுக்கினமாதிரியெல்லே கிடக்கு" என்றார். அதைவிடச் சரியாக அந்த மலையை வேறு யாரும் வருணித்ததில்லை.

அந்த மலையின் சரித்திரம் முழுக்க அம்பலவாணனின் கழுத்தடியில் இருந்தது. கவுன்சில் தந்த பச்சை ஜாக்கெற்றுக்கு மேல் பிறகு மலையை வாங்கிய கம்பளக்கடை முதலாளி தந்த சிவப்பு, அதற்கு மேல் அண்ணன் தம்பி முதலாளிகள் தந்த கறுப்பு. முதலாளி மாறும்போதெல்லாம் புது ஜாக்கெற் வரும், பழையதை அவர் கழற்றமாட்டார். ஏன் என்று கேட்டால், "ஆர் கண்டது, பழைய ஆக்கள் திரும்பி வந்தா?" என்பார். வெங்காயம் மாதிரி ஆளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தை மாதத்தில் அந்தக் கொட்டிலில் ஒரு நாள் நின்று பார்த்தால் அவர்களும் உடுப்பார்கள்.

முதலாளிகள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. திறப்பு விழாவன்று கவுன்சில் தலைவர் ஸ்கீ மட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு உச்சியில் நின்றார். வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகாத அம்பலவாணனுக்கு அது புது வாகனமாகவே தெரிந்தது. புது வாகனத்தை, சில்லுக்கடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்து நசுக்காமல் யாராவது எடுப்பார்களா? ஓடிப்போய், மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த இரண்டு தேசிக்காயையும் மட்டைக்கு ஒன்றாக வைத்துவிட்டார். தலைவர் அதையும் ஒரு பாதுகாப்பு விதி என்று நினைத்து நன்றி சொன்னார். ஆனால் சரிவில் தேசிக்காய் நிற்குமா? இரண்டும் உருளத் தொடங்கின. தலைவர் பின்னால் வந்தார். தேசிக்காய்கள் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வர, தலைவர் மூன்றாவதாக வந்தார். ஒன்றும் நசியவில்லை. நாலு வருடத்தில் கவுன்சில் மலையை விற்றுவிட்டது.

வாங்கிய கம்பள முதலாளி, சுவரில் மாட்டியிருந்த திறப்பு விழாப் படத்தைப் பார்த்து, தனக்கும் தேசிக்காய் வேண்டும் என்று தானே கேட்டார். மட்டை தேசிக்காயைத் தொடமுதலே மனிதர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பிறகு தும்புப் பாய் தேய்ந்த இடங்களிலெல்லாம் கடையில் விற்காத பூப்போட்ட கம்பளத்தை வெட்டி ஒட்டினார். காற்றாக வருபவர்களின் மட்டை பூவில் பட்டதும் பிரேக் போட்டதுபோல நிற்க, உடம்பு மட்டும் தொடர்ந்து போகும். அவரும் விற்றார். அடுத்து வந்த அண்ணன் தம்பி பனி வேண்டும் என்று சவர்க்கார நுரை கக்கும் மெஷின் ஒன்று பூட்டினார்கள். நுரை றோட்டுக்குப் போக, சனம் வாளியோடு வந்து கார் கழுவியது. அவர்களுடைய தேசிக்காயை அண்ணன்காரன் விழாவுக்கு முதலே துண்டுபோட்டுத் தன் கிளாசில் பிழிந்துவிட்டான். "வெட்டினது நசுக்கினதாகாது" என்று அம்பலவாணன் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் அந்த மலையின் உச்சிக்கு அவர் ஒருநாளும் ஸ்கீயோடு ஏறியதில்லை. பயம். வேறு ஒன்றுமில்லை, வெறும் பயம். "ஏறலாம். இறங்கவெல்லே வேணும்" என்று சப்பாத்துகளிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தார். ஆனால் அவர் குடியிருந்த செவன் கிங்ஸ் முழுக்க அவருக்கு ஸ்கீ மாஸ்ரர் என்று பெயர். அவர் பொய் சொன்னார் என்று சொல்லக்கூடாது. கலியாண வீட்டில் யாராவது, "மாஸ்ரர், ஸ்கீ கஷ்ரமோ?" என்று கேட்டால், "முழங்காலை மடிச்சாச் சரி" என்பார், அவ்வளவுதான். சிவமலர்தான் அதை மெல்ல வளர்த்து, மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் வரைக்கும் கொண்டுபோயிருந்தார்.

தொண்ணூற்றாறில் மலையை ஒரு தமிழன் வாங்கினான் என்ற செய்தி வந்தபோது அம்பலவாணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மிச்சம் என்கிற ஊரில் பெற்றோல் செட் நடத்தும் குகதாசன். பனி என்றால் பிரிட்ஜுக்குள் இருப்பது என்ற அளவில் அறிவு. ஆனால் கறாரான ஆள். வேலைக்காரரைக் கூட்டி வைத்து முதல்நாளே சொன்னான்:

"என்ர செட்டில பெற்றோல் அடிக்கத் தெரியாதவன் நிக்கேலாது. இஞ்சையும் அப்பிடித்தான். திறப்பு விழாவண்டு மேலயிருந்து இறங்கிற ஆக்களுக்கு நீல ஜாக்கெற். மற்றாக்கள் அண்டையோட வேலையை விட்டு நிண்டுகொள்ளலாம்." பிறகு அம்பலவாணனின் தோளில் கையைப் போட்டான். "அண்ணை முதல் இறங்கட்டும். மற்றவை பாத்துப் பழகட்டும்."

குளிர்ந்த நெஞ்சு அப்படியே உறைந்துபோனது. பன்னிரண்டு வருடக் கொட்டில், அந்தச் சின்ன ஹீற்றர், பவுடர் டின், யன்னல், எல்லாம் போகப்போகின்றன. உண்மையைச் சொல்ல இரண்டு தரம் குகதாசனிடம் போனார். ஒரு தரம் அவன் போனில் இருந்தான். மறுதரம் போனில் இல்லை, ஆனாலும் அம்பலவாணன் கார் பார்க் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டார்.

விழாவன்று கொட்டில் வாசலில் வாழைக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் வாழை கட்டியிருந்தார்கள். சிவமலர் கோயில் ஆட்களை ஒரு வான் நிறைய ஏற்றி, வடையும் தேத்தண்ணியுமாக வந்து முன்வரிசையில் இருந்தார். அம்பலவாணன் மூன்று ஜாக்கெற்றோடும் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போனார். அங்கே நின்று பார்க்க இல்போர்ட் வரைக்கும் கூரைகள் தெரிந்தன. எல்லாமே தாழ்வாக, பாதுகாப்பாக, தரையில் இருந்தன. பொக்கெற்றிலிருந்து ஒரேயொரு தேசிக்காயை எடுத்து மட்டைகளுக்கு முன்னால் வைத்தார். முருகா என்றார். வாழ்க்கையில் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தார். முழங்காலை மடக்கினார்.

மடங்கிய முழங்கால் நிற்கவில்லை. மடங்கி மடங்கி, குந்தி, கடைசியில் மட்டைகளின் பின்பக்கத்தில் ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருந்தபடியே இறங்கினார். தெளித்த தண்ணீர் இரண்டு பக்கமும் பறந்தது. வாய் மட்டும் பழக்கத்தில், "பெண்ட் த நீஸ், பெண்ட் த நீஸ்" என்று தனக்கே கத்திக்கொண்டு வந்தது. எப்போதோ ஒட்டிய பூக்கம்பளத் துண்டில் ஒரு தரம் எழும்பி மறுபடி இருந்து, பிளாஸ்ரிக் வாழையைக் கட்டிப்பிடித்தபடி வந்து சேர்ந்தார். சனம் கை தட்டியது. "இருந்து இறங்கிறது கனகாலம் பழகின ஆக்களுக்குத்தான் ஏலும்" என்று சிவமலர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

குகதாசன் நீல ஜாக்கெற்றைக் கையில் பிடித்தபடி கிட்ட வந்து, சத்தம் வெளியே போகாமல் கேட்டான்.

"அண்ணை, உங்களுக்கு இறங்கத் தெரியாதென்ன?"

"தெரியாது தம்பி." சொன்னதும் அவருக்கு உடம்பே இலேசானது. வாழையை விட்டுவிட்டு எழும்பினார். பின்பக்கம் என்னவோ ஒட்டிக் குளிர்ந்தது. தடவிப் பிடுங்கி எடுத்தார். தோசை மாதிரித் தட்டையாகிப் போன தேசிக்காய். கம்பளப் பூவில் தட்டி நின்ற காய்க்கு மேல்தான் அவர் இரண்டாம் தரம் இருந்திருக்கிறார்.

"ஆனா இந்த மலையில ஒருத்தருக்கும் நசியாத காய்" என்று அதை நீட்டினார்.

வியாபாரம் செய்கிறவன் எவனும் அதற்கு மேல் பேசமாட்டான். குகதாசன் அதை இரண்டு கையாலும் வாங்கி, அது எங்கேயிருந்து வந்தது என்பதையும் மறந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கோட்டுப் பொக்கெற்றில் வைத்தான். ஜாக்கெற்றைத் தானே விரித்துப் பிடித்து அவருக்குப் போட்டுவிட்டான்.

மூன்றுக்கு மேல் ஏறிய நீல ஜாக்கெற்றின் ஸிப் மூடவில்லை. அம்பலவாணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நேரே கொட்டிலுக்குள் போனார். வாசலில் சப்பாத்துக்கு வரிசை நின்றது. "வாறன், வாறன்" என்றபடி கதவை ஒருக்களித்துவிட்டு, ஹெயர் டிரையரைப் போட்டு, அதன் மூக்கைத் தன் காற்சட்டையின் பின்பக்கத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.