ஆறாம் கட்டில் விடாத லைன்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கெஞ்சமாட்டேன். என் இரண்டு கண்ணால் பார்த்தது இது. அதுவும் மாலை விளக்கு போட்ட நேரத்தில். பேய்க்கு அது ஒரு நேரமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெரியக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு வராது. ஐந்தாம் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதுதான் அவளுக்கு வாய். அழுத்தினால் நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியை அடிக்க வைக்கும் 'டிரைவர்' என்ற புரோகிராமை எழுதியவன் எங்கள் தம்பி. ஊருக்கு அவன் கம்பெனி முதலாளி. எனக்கு அரைவேக்காடு.

அக்காவை அழுத்தச் சொல்லிவிட்டு மேஜைக்கு வந்தேன். மணி இல்லை. திரையில் மட்டும் பச்சையாக, "கட்டில் 5 தயார்."

தம்பியை வரவழைத்தேன்.

"தயார்னு போட்டிருக்கே சின்னக்கா, பார்க்கலையா?"

"பார்த்தேன். மணி எங்கடா?"

நானும் முப்பது வருஷம் இதே பிழைப்புதான். கட்டிலுக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு செருகியிருக்கும். பொத்தானை அழுத்தினால் அந்தக் கார்டு கம்ப்யூட்டரின் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். தட்டும் வழிக்கு இன்டரப்ட் லைன் என்று பெயர். கம்ப்யூட்டரைப் போட்டதுமே டிரைவர் அதைக் கேட்டு வாங்கணும். கிடைக்காவிட்டால், இன்ன காரணம் என்று சொல்லி ஒதுங்கணும். இந்த மேதாவி கேட்டிருக்கிறான், பதிலைப் பார்க்கவில்லை. நேராகத் "தயார்" என்று எழுதிவிட்டான். கதவைத் தட்டிவிட்டு, திறந்தார்களா என்று பார்க்காமலே உள்ளே நடப்பவன். மூக்கு உடைவதோ அடுத்தவனுக்கு.

"லைன் கிடைக்காம போகாதுக்கா."

"போனா?"

"போகாது."

"செவுத்துல முட்டிக்கலாம் போல இருக்கு. தள்ளு."

நானே திருத்தினேன். லைன் மறுக்கப்பட்டால் தயார் வராது. காரணம் வரும், யார் பிடித்திருக்கிறார்கள் என்பதும் வரும். திரும்ப இயக்கினோம்.

"கட்டில் 5: லைன் கிடைக்கவில்லை. பிடித்திருப்பது கட்டில் 6."

"சரி, ஆறை விடச் சொல்லு."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"என்னடா?"

"ஆறாம் கட்டில் கார்டு... போன மாசமே கழட்டியாச்சுக்கா."

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். ஆறாவது இடத்தில் தூசிதான் இருந்தது. மறுபடி இயக்கினோம். அதே வரி.

அப்புறம்...

டிங்.

"அக்காவா?"

"இல்லக்கா. ஆறு."

டிங். டிங்.

"ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்குடா."

"பிடுங்கிட்டேன்."

டிங்.

கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் லைன் விடாது. டிரைவர் எழுதுபவனுக்கு அரிச்சுவடி அது.

"போய்க் கேளு."

"நானா?"

"உன் மணிதானே?"

முதலாளியின் கால் நகரவில்லை. நான் போனேன்.

ஆறாம் கட்டில் இருந்த அறை... இருட்டு.

வெறும் மெத்தை. நடுவில் ஒரு குழி.

"என்ன வேணும்?"



குழி மெல்ல... மெல்ல மேலெழும்பியது.

யாரோ எழுந்ததுபோல.

மணி நின்றது.

"அஞ்சுக்கு லைன் கிடைச்சிருச்சுக்கா!" என்று அங்கிருந்தே கத்தினான். ஒயரைச் சொருகினதும் அக்காவின் மணி அடித்தது. ஓடினேன். தண்ணீர் வேண்டுமாம். எவ்வளவு நேரமாக அழுத்தினாளோ, விரல் நுனி சிவந்திருந்தது.

மறுநாள் தம்பியைப் பிடித்தேன். "ஆறை ஏன்டா கழட்டின?"

"அங்க ஒரு பெரியவர் தவறிட்டார். மணியே அடிக்கலைன்னு அவர் வீட்ல சண்டைக்கு வந்தாங்க. கார்டு பழுதுன்னு சொல்லிக் கழட்டிட்டேன்."

கார்டு பழுதாம். அதற்கப்புறம் அவனிடம் நான் பேசுவதில்லை.

மீதியை நர்ஸ் சொன்னாள்.

"ராத்திரி பூரா அழுத்தியிருக்காரும்மா. காலையில பார்த்தா விரலைப் பிரிக்கவே முடியல. எத்தனையோ முயற்சி பண்ணினோம். கடைசில ஒயரை வெட்டிட்டு அப்படியே அடக்கம் பண்ணிட்டாங்க. அந்தப் பொத்தான் இன்னும் அவர் கையிலதான் இருக்கு... மண்ணுக்குள்ள."